காணோம்

சென்ற ஆண்டு ஆவணி மாதத்து ஞாயிறு ஒன்றில் என் பழைய மாணவி ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். முதுகலைத் தமிழ் முடித்துவிட்டுக் காவல் துறையில் உதவி ஆய்வாளராகச் சேர்ந்தவர். இப்போது திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டைகளை ஒட்டிய பகுதியில் பணிபுரிகிறார். கையில் தட்டச்சு செய்த இருபது பக்கங்கள்.

"ஐயா, காணாமப் போனவங்க வழக்கு, ஆள்கடத்தல், சிறார் நடைமுறை மூணுக்கும் எங்க ஆளுங்களுக்கு ஒருநாள் பயிற்சி. குறிப்பு நான்தான் தயார் பண்ணியிருக்கேன். இதுல தமிழ் மட்டும் சரியா இருக்கான்னு பார்த்துக் கொடுங்க" என்றார்.

எழுத்துப் பிழைகள் குறைவாகவே இருந்தன. ஆனால் ஒரே பக்கத்தில் மூன்று சொற்கள் மாறி மாறி வந்தன: "காணாமல் போனார்", "காணவில்லை", "காணோம்". "எதையாவது ஒன்றை வைத்துக்கொள்ளம்மா" என்றேன். "எது ஐயா சரி?" என்று கேட்டார். இலக்கணம் கற்பிப்பவன் உடனே விடை சொல்லியிருக்க வேண்டும். சொல்ல இயலவில்லை. அந்தக் கேள்வியின் பின்னால் போனபோது கிடைத்தவற்றை இங்கே தொகுத்துக்கொள்கிறேன்.

1. மூன்று வினைகள்

"அவன் காணாமற் போனான்" என்னும் தொடரில் எழுவாய் அவன்; போதலாகிய வினையைச் செய்தவனும் அவனே. "காணவில்லை" என்பதற்கு எழுவாயே வேண்டியதில்லை. யார் காணவில்லை, எங்கே தேடிக் காணவில்லை என்பதை அச்சொல் தெரிவிப்பதில்லை. சுவரொட்டிகளுக்கும் செய்தித்தாள் விளம்பரங்களுக்கும் அது பொருந்திப்போனதில் வியப்பில்லை.

"காணோம்" அப்படிப்பட்டதன்று. அறியோம், செய்யோம் என்பன போல அது எதிர்மறைத் தன்மைப் பன்மை வினைமுற்று. "நாம் காண்கிலோம்" என்பது அதன் பொருள். பேச்சு வழக்கில் அது உறைந்துபோய், சாவியைக் காணோம், செருப்பைக் காணோம் என்றெல்லாம் ஆகிவிட்டது. எனினும் அதன் விகுதியில் இன்னும் "நாம்" இருக்கிறோம். காண வேண்டியவர்கள் நாம், காணாதிருப்பவர்களும் நாம்.

எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. நான் பள்ளியில் படித்த காலத்தில் சித்தப்பா ஒருவர் வீட்டைவிட்டுச் சென்றார். மனநலம் சரியில்லாதவர். அப்பா காவல் நிலையத்துக்குப் போனபோது, "போனவர் வந்துவிடுவார், நாலு நாள் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். நாலு நாள் முப்பது ஆண்டுகளாகிவிட்டன. அப்பா கடைசிவரை "தம்பி போய்விட்டான்" என்றே சொல்லிவந்தார். பாட்டி மட்டும் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. "எம்புள்ளையக் காணோம்" என்பார். அந்த வேறுபாடு எனக்குப் பல்லாண்டுகள் உறைக்கவில்லை.

ஒருவர் இல்லாமற் போகும்போது அரசு தன் ஏட்டில் எந்த வினைச்சொல்லை எழுதுகிறது என்பதைப் பொறுத்தே அவரைத் தேடுவதும் தேடாமல் விடுவதும் தீர்மானமாகின்றன. தேர்வாய் கண்டிகையைச் சுற்றியுள்ள நிலத்துக்கு இதில் நீண்ட அனுபவம் உண்டு.

2. பழவேற்காட்டின் ஏடுகள்

தேர்வாய் கண்டிகைக்குக் கிழக்கே, கடலும் ஏரியும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது பழவேற்காடு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1610-இல் அங்கே வணிக உரிமை பெற்றது; 1613-இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பியது. சோழமண்டலக் கரையில் அக்கம்பெனியின் தலைமையிடமாக அது நெடுங்காலம் விளங்கியது. பழவேற்காட்டைப் பற்றிப் பேசுவோர் துணி வணிகத்தையும் கல்லறைகளில் செதுக்கிய எலும்புக்கூடுகளையும் தவறாமல் குறிப்பிடுவர். அத்துறைமுகத்திலிருந்து மனிதர்களும் சரக்காக ஏற்றப்பட்டார்கள் என்பது குறைவாகவே பேசப்படுகிறது.

இவ்வணிகத்துக்கு ஒரு பருவ ஒழுங்கு இருந்தது. பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் அது பெருகும். மழை பெய்து விளைச்சல் வந்தால் சுருங்கும். 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதி பீஜப்பூர்ப் படையெடுப்பாலும் பஞ்சத்தாலும் சீரழிந்தபோது நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய இடங்களில் டச்சுக்காரர் வாங்கிய அடிமைகள் எட்டாயிரம் முதல் பத்தாயிரம் வரை இருக்கும் என்று வரலாற்றறிஞர் மார்கஸ் விங்க் கணக்கிடுகிறார். அவர்களுள் பெரும்பாலோர் இலங்கைக்கும் சிலர் படேவியாவுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பப்பட்டார்கள்.

ஆங்கிலேயரும் பின்தங்கவில்லை. 1687 செப்டம்பர் மாதத்தில் மட்டும் சென்னை ஜார்ஜ் கோட்டையிலிருந்து 665 அடிமைகள் ஏற்றுமதியாயினர். அதுவும் ஒரு பஞ்ச காலம். மறுஆண்டே, முகலாய அதிகாரத்தின் அதிருப்திக்கு அஞ்சிக் கோட்டைக் குழு அவ்வேற்றுமதியைத் தடைசெய்தது.

இந்த ஏடுகளின் தன்மையைக் கவனிக்க வேண்டும். எத்தனை தலை, என்ன விலை, எந்தக் கப்பல் என்பவற்றை அவை துல்லியமாகச் சொல்லும். கணக்கில் ஒருவர் குறைந்தால் வணிகருக்குத் தெரிந்துவிடும். ஆனால் அவர் குறைந்துபோன ஊரில் அதை எழுதிவைக்க ஏடு இல்லை. கொண்டுசென்றவனிடம் கணக்கு இருந்தது. இழந்தவளிடம் ஓலம் மட்டுமே இருந்தது. ஆள்கடத்தலின் வரலாறு நெடுகிலும் இந்த ஏற்றத்தாழ்வைக் காணலாம். காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கை என்பது, ஒரு வகையில், இழந்தவர் பக்கத்தில் தொடங்கப்பட்ட முதல் ஏடு.

3. "விருப்பத்தின் பேரில்தான் போகிறாயா?"

1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமைமுறையை நீதிமன்றங்கள் அங்கீகரிப்பதை நிறுத்தியது. அடிமை வைத்திருப்பதை அது குற்றமாக்கவில்லை. அவ்வேலையை 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 370, 371 ஆகிய பிரிவுகளில் செய்தது. ஆனால் அதற்குள் புதிய வழியொன்று திறந்துவிட்டது. 1834 முதல் மொரீசியசுக்கும், பிறகு மேற்கிந்தியத் தீவுகளுக்கும், 1860-இல் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகள் சென்றனர். சென்னையிலிருந்து புறப்பட்ட "துரூரோ" என்னும் கப்பல் அவ்வாண்டு நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. அதில் வந்தவர்கள் 342 பேர்.

இம்முறையில் அரசு ஒரு பாதுகாப்பைச் சேர்த்திருந்தது. கப்பலேறுமுன் ஓர் அதிகாரி முன்னிலையில் நிற்க வேண்டும். விருப்பத்தின் பேரில்தான் போகிறாயா என்று கேட்கப்படும். ஆம் என்றால் போகலாம். முகவர் சொல்லிக்கொடுத்த பொய்யை நம்பியவனும், கடனுக்காகக் கையளிக்கப்பட்டவனும், எந்தத் தீவு என்றே அறியாதவளும் ஆம் என்றார்கள். அந்த ஒரு சொல் எல்லாவற்றையும் சட்டப்படியானதாக ஆக்கிவிட்டது.

அக்கப்பல்களின் பயணியர் பட்டியல்கள் இன்றும் கிடைக்கின்றன. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், வட்டம், மாவட்டம், உயரம், உடலில் உள்ள மச்சம் அல்லது தழும்பு என்று வரிசையாகக் கட்டங்கள். செங்கல்பட்டு, வட ஆற்காடு என்னும் மாவட்டப் பெயர்கள் அவற்றில் அடிக்கடி வருகின்றன. என் மாணவியின் குறிப்புகளில் காணாமற் போனவர் பற்றி நிரப்ப வேண்டிய படிவமும் இருந்தது. சாதிக் கட்டம் நீங்கலாக ஏறக்குறைய அதே வரிசை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவரைக் கொண்டுசெல்வதற்காக வகுத்த அடையாளக் கட்டங்கள் இன்று ஒருவரைக் கண்டுபிடிப்பதற்கும் பயன்படுகின்றன. படிவம் தானாக யாருக்கும் நன்மையோ தீமையோ செய்வதில்லை. யாருக்காக நிரப்புகிறோம் என்பதுதான் முக்கியம்.

மக்கள் தங்கள் பங்குக்கு ஒரு சொல்லை உருவாக்கிக்கொண்டார்கள். பிள்ளைபிடிக்கிறவன். சோறு உண்ணாத குழந்தைக்குக் காட்டப்படும் அந்தச் சாக்குப்பைக்காரனுக்குப் பின்னால் பழவேற்காட்டின் தரகர்களும் கப்பலுக்கு ஆள்சேர்த்த முகவர்களும் நிழலாக நிற்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. இதை மெய்ப்பிக்கச் சான்று காட்ட இயலாது. ஆனால் ஒரு சமூகம் காரணமின்றி ஒரு பயத்தை இத்தனை தலைமுறை தாலாட்டி வளர்ப்பதில்லை.

4. காவலரும் சீர்திருத்தப் பள்ளியும்

சென்னை மாகாணத்துக் காவல் துறையின் பிறப்பே ஓர் அவப்பெயரில் நிகழ்ந்தது. வரி வசூலிப்போரும் காவலரும் ஒருவராகவே இருந்த காலம் அது. அவர்கள் குடிகளைச் சித்திரவதை செய்வதை விசாரிக்க அமைந்த ஆணையம் 1855-இல் தன் அறிக்கையைத் தந்தது. அதன் விளைவுகளில் ஒன்றாக 1859-ஆம் ஆண்டின் சட்டம் வருவாய்த் துறையிலிருந்து காவலைப் பிரித்தது. 1902-இல் அமைந்த பிரேசர் தலைமையிலான காவல் ஆணையம், பயிற்சிப் பள்ளிகளின் தேவையை வற்புறுத்தியது. அக்காலப் பயிற்சி என்பது அணிவகுப்பும் சட்டப் பிரிவுகளும்தான். குழந்தையிடம் எப்படிப் பேசுவது என்று ஒரு பாடம் இருந்திருக்க வாய்ப்பில்லை.

சட்டமும் குழந்தையைத் தனி மனிதராகப் பார்க்கவில்லை. தண்டனைச் சட்டத்தின் 361-ஆம் பிரிவு ஆட்கவர்தலை வரையறுத்த முறையைப் பாருங்கள். சட்டபூர்வமான காப்பாளரின் இசைவின்றி அவரது காப்பிலிருந்து சிறாரைக் கொண்டுசெல்வது குற்றம். இங்கே தீங்கிழைக்கப்பட்டவர் காப்பாளர். குழந்தை அவரது உடைமைபோல் நிற்கிறது. பெற்றோரே விற்றுவிட்ட குழந்தைக்கு அப்பிரிவில் இடமில்லை. முன்பணத்துக்காகக் குழந்தைகளின் உழைப்பை அடகு வைக்கும் வழக்கத்தை விட்லி ஆணையம் சென்னை மாகாணத்தில் கண்டு 1931-இல் எழுதிய பிறகே, 1933-இல் குழந்தை உழைப்பை அடகுவைப்பதற்கு எதிரான சட்டம் வந்தது.

இதற்கிடையே நம் பகுதியில் வேறொன்று நடந்தது. திருவள்ளூர் மாவட்டம் 1997-இல்தான் பிரிந்தது. அதற்குமுன் தேர்வாய் கண்டிகை பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. செங்கல்பட்டு நகரில் 1887-இல் சீர்திருத்தப் பள்ளி தொடங்கப்பட்டது. குற்றம் புரிந்த சிறுவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் தொழில் கற்பித்துத் திருத்துவது நோக்கம். 1919-இல் இந்தியச் சிறைகளை ஆராய அமைந்த குழுவுக்குத் தலைமை வகித்த அலெக்சாண்டர் கார்டியூ சென்னை ஆட்சிப் பணியைச் சேர்ந்தவர். 1920-இல் சென்னை மாகாணம் குழந்தைகள் சட்டத்தை இயற்றியது. இந்தியாவிலேயே முதல் சட்டம் அது. வங்கமும் பம்பாயும் பிறகே பின்பற்றின. பதினான்கு வயதுக்குட்பட்டோர் குழந்தை, பதினான்கு முதல் பதினாறு வரை இளையர் என்று அது வகுத்தது. குற்றம் செய்த குழந்தையோடு, வீடின்றித் திரியும் குழந்தையையும் பிச்சையெடுக்கும் குழந்தையையும் நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்தது. தெருவில் தனியாக நிற்கும் குழந்தையைப் பற்றி, இது யாருடைய பொறுப்பு என்று அரசு கேட்ட முதல் தருணம் என்று அதைக் கொள்ளலாம்.

பெண்கள் பக்கத்தில் 1930-இல் சென்னைச் சட்டமன்றத்தில் ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் அவருடன் நின்ற பெண்களும் செய்த பணி அதற்குப் பின்னால் இருந்தது. 1956-இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தபோது அதில் சிறப்புக் காவல் அதிகாரி என்ற ஏற்பாடு இடம்பெற்றது. எல்லாக் காவலரும் எல்லா வேலைக்கும் உரியவர் அல்லர், சில வேலைகளுக்குத் தனித் தகுதி வேண்டும் என்ற எண்ணம் இவ்வாறு சட்டத்துக்குள் நுழைந்தது.

5. ஓடிப்போதல் என்னும் ஊகம்

ஆயினும் நிலையங்களில் நெடுங்காலம் ஆட்சி செய்தது ஓர் ஊகம். பெண் காணோம் என்று வருபவரிடம், யாரோடாவது போயிருப்பாள் என்று சொல்வது. பையன் என்றால், சினிமா பார்க்கச் சென்னைக்குப் போயிருப்பான் என்பது.

தமிழாசிரியனாகிய எனக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. மகளைத் தேடிப் போகும் தாயை நம் இலக்கியம் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பாடி வந்திருக்கிறது. பாலைத்திணையில் செவிலி பின்தேடிச் செல்கிறாள். எதிர்ப்படுவோரை வினவுகிறாள். அவர்கள் அவளைத் தேற்றித் திரும்பச் சொல்கிறார்கள். உடன்போக்கு அறமாகக் கொள்ளப்பட்ட உலகில் அத்தேறுதல் அழகானது. அங்கே போனவள் தானே விரும்பிப் போனவள் என்பது நமக்கு முன்பே தெரியும். காவல் நிலையத்து மேசைக்கு இப்பால் நிற்கும் தாய்க்கு அது தெரியாது. மேசைக்கு அப்பால் இருப்பவருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் தேறுதல் சொல்வது கடமையைக் கைவிடுவதாகும்.

இவ்வூகத்தின் விலை என்ன என்பதை நாம் அண்மைக் காலத்தில் இருமுறை கண்டோம். ஒன்று சென்னையில். 1990-களின் இறுதியில் வடசென்னையின் எளிய குடும்பங்களிலிருந்து சில சிறு குழந்தைகள் மறைந்தனர். பெற்றோர் முறையிட்டார்கள், அலைந்தார்கள். 2005-இல் கடத்தல்காரர் சிலர் வேறொரு வகையில் பிடிபட்ட பிறகுதான், குழந்தைகள் ஒரு தத்து நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, புதிய பெயர்களோடும் முறையான தாள்களோடும் ஆஸ்திரேலியா, நெதர்லாந்து முதலிய நாடுகளுக்குப் போய்விட்டனர் என்பது வெளிப்பட்டது. அயல்நாட்டுத் தத்துக்கு உச்ச நீதிமன்றம் 1984-இலேயே லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் விரிவான நெறிமுறைகளை வகுத்திருந்தது. தத்து ஏட்டில் ஒரு குழந்தை கூடியது. காவல் ஏட்டில் ஒரு குழந்தை குறைந்தது. இரண்டு ஏடுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க ஒருவரும் இல்லை. பழவேற்காட்டின் கதைதான், மூன்றரை நூற்றாண்டு கழித்து.

மற்றொன்று நொய்டாவை ஒட்டிய நிதாரி. ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக மறைந்தபோது முறையீடுகள் பொருட்படுத்தப்படவில்லை. 2006 டிசம்பர் இறுதியில் எலும்புகள் கிடைத்தபோது நாடு அதிர்ந்தது. 2023 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் புலனாய்வு நடந்த விதத்தைக் கடுமையாகக் கண்டித்து, மரண தண்டனை பெற்றிருந்தவர்களைத் தன்முன் இருந்த வழக்குகளிலிருந்து விடுவித்தது. முதற் பக்கம் எழுதப்படாத வழக்கில் கடைசிப் பக்கமும் வெறுமையாகவே முடிந்தது.

6. 2013: வினை மாறிய ஆண்டு

சட்டம் மெல்ல நகர்ந்தது. 1986-இல் ஷீலா பார்சே வழக்கு, அதே ஆண்டில் நாடு தழுவிய முதல் சிறார் நீதிச் சட்டம், 1992-இல் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையில் இந்தியாவின் இணைவு, 2000-இல் புதிய சிறார் நீதிச் சட்டமும் அதில் சிறப்புச் சிறார் காவல் பிரிவும், 2002-இல் ஹோரிலால் வழக்கில் காணாமற் போன சிறுமியரைத் தேடுவதற்கான நெறிகள். தேசிய மனித உரிமை ஆணையத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு, காணாமற் போதலுக்கும் ஆள்கடத்தலுக்கும் உள்ள நெருக்கத்தை எடுத்துக்காட்டியது. 2006-இல் உள்துறை அமைச்சகமும் ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகமும் இணைந்து காவலருக்கும் அரசு வழக்குரைஞருக்கும் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கின. ஆந்திரம், பீகார், கோவா, மகாராட்டிரம், மேற்கு வங்கம் ஆகிய ஐந்து மாநிலங்களில் அது நடந்தது. ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுகள் மாவட்டந்தோறும் பரவியதற்கு இதுவே முன்மாதிரி.

இலக்கண மாற்றம் நிகழ்ந்தது 2013-இல். அவ்வாண்டு பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் 370-ஆம் பிரிவைப் புதிதாக எழுதியது. ஆள்கடத்தலில் பாதிக்கப்பட்டவரின் இசைவு பொருட்டல்ல என்று அது சொன்னது. விருப்பத்தின் பேரில்தான் போகிறாயா என்ற பழைய கேள்வி ஒருவழியாகச் செல்லாததாயிற்று. மே 10 அன்று பச்பன் பச்சாவ் ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம், பதினெட்டு வயதுக்குட்பட்டவர் காணாமற் போனதாக முறையீடு வந்தால் உடனே முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், வேறு விதமாக நிறுவப்படும்வரை அதை ஆட்கவர்தல் அல்லது கடத்தல் என்றே கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டது. நவம்பர் 12 அன்று லலிதா குமாரி வழக்கில், கைது செய்தற்குரிய குற்றம் எதுவாயினும் அறிக்கை பதிவது கட்டாயம் என்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அவ்வழக்கின் தொடக்கமும் ஒரு சிறுமி காணாமற் போனதுதான்.

குழந்தை "போனது" என்று எழுதக்கூடாது, "கொண்டுபோகப்பட்டது" என்று கருதியே தொடங்க வேண்டும் என்பது இதன் சாரம். ஊகம் கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஊகத்தின் திசையை மாற்றியது. தவறிப்போனால் வீணாவது காவலரின் சில மணி நேரம். பழைய ஊகம் தவறிப்போனால் வீணானது ஒரு குழந்தையின் வாழ்நாள்.

7. பயிற்சியில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள்

என் மாணவியின் குறிப்புகள் இந்த இடத்திலிருந்து தொடங்கின. 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 107-ஆம் பிரிவுப்படி, ஒவ்வொரு நிலையத்திலும் துணை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத ஒருவர் குழந்தைகள் நலக் காவல் அலுவலராக இருக்க வேண்டும். மாவட்டச் சிறப்புப் பிரிவில் இரண்டு சமூகப் பணியாளர்கள், அவர்களில் ஒருவர் பெண். காணாமற் போன குழந்தை குறித்து உடனே அறிக்கை, புகைப்படம், தகவல் பரப்பல், இணையத் தரவில் பதிவு. நான்கு மாதத்தில் கிடைக்காவிடில் வழக்கு ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாற வேண்டும். கிடைத்த குழந்தை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிற்க வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்ட சிறாராயின் அதே நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன். நிலையத்துச் சிறை அறை கூடாது; விலங்கு கூடாது; சிறாருடன் பேசுபவர் சீருடையில் இருக்கலாகாது.

"இதெல்லாம் தெரியாம யாரும் இல்லைங்க ஐயா" என்றார் அவர். "ராத்திரி பதினோரு மணிக்கு ஒருத்தர் வந்து நிக்கும்போது எழுதற கை எதை எழுதுதுங்கறதுதான் விஷயம். பழக்கத்துல 'கேர்ள் மிஸ்ஸிங்'னு எழுதி முடிச்சிடுவாங்க. சில இடத்துல சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பிடுவாங்க."

"கேர்ள் மிஸ்ஸிங்" என்ற தலைப்பைத் தமிழ்நாட்டில் நிலையத்துக்குப் போன எவரும் அறிவர். அதன் எதிரே குற்றப் பிரிவு எண் இருப்பதில்லை. குற்றம் இல்லையென்றால் குற்றவாளியைத் தேட வேண்டியதில்லை. கைப்பழக்கத்தின் இந்தச் சிறு தயக்கத்தைத்தான் அவர் ஒருநாள் வகுப்பில் மாற்ற முயல்கிறார்.

பயிற்சி பொய்த்தால் என்ன ஆகும் என்பதற்குச் செங்கல்பட்டே சாட்சி. 1887-இல் தண்டனைக்குப் பதில் கல்வி என்று தொடங்கிய அதே ஊரில், 2022 டிசம்பர் இறுதியில் அரசினர் கூர்நோக்கு இல்லத்தில் ஒரு பதினேழு வயதுச் சிறுவன் அடித்துக் கொல்லப்பட்டதாக ஊழியர் அறுவர் கைதாயினர். சிறு திருட்டுக் குற்றச்சாட்டில் கொண்டுவரப்பட்டவன். பிறகு இல்லங்களின் நிலையை ஆராய நீதியரசர் கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. மிகப் பழைய சட்டமும் மிகப் பழைய பள்ளியும் இருந்த மண்ணில் இது நடந்தது என்பதைக் கடந்துவிட முடியவில்லை.

8. தேர்வாய் கண்டிகையில்

பயிற்சி நடக்கும் இடத்தைப் பார்க்க ஒருநாள் போனேன். தேர்வாய் கண்டிகையின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கர் மேய்ச்சல் நிலம் தொழிற்பேட்டைக்கு எடுக்கப்பட்டபோது ஊரார் ஆண்டுக்கணக்கில் எதிர்த்துப் போராடினார்கள். ஆடுமாடு மேய்ந்த நிலம் ஏட்டில் புறம்போக்கு என்று இருந்தது. ஊருக்கு அது வாழ்வாதாரம். அரசுக்கு யாருடையதும் அல்லாத இடம். இன்று அங்கே மிஷலின் டயர் ஆலையும் பிறவும் இருக்கின்றன. பக்கத்தில் கண்ணன்கோட்டை–தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டுச் சென்னைக்குக் குடிநீர் தருகிறது. ஏட்டில் எழுதும் ஒரு சொல் என்ன செய்யும் என்று இவ்வூராருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பகுதியின் இயல்பை வரைபடமே சொல்லிவிடும். கொல்கத்தாவுக்குச் செல்லும் இருப்புப்பாதையும் நெடுஞ்சாலையும் இவ்வழியே ஆந்திர எல்லையைக் கடக்கின்றன. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வருவோர் தமிழ்நாட்டுக்குள் இறங்கும் முதல் நிலம் இது. ஆலைகளுக்கும் மாவட்டத்தின் செங்கற் சூளைகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் அவர்கள் வருகிறார்கள். பெரும்பாலோர் பிழைப்புக்காக வருபவர்கள். அவர்களை ஐயக்கண்ணோடு பார்ப்பது பெரும் அநீதி. ஆனால் முன்பணம் என்ற கயிற்றில் கட்டிக் கொண்டுவரப்படுவோரும் உண்டு. 2015-இல் இம்மாவட்டத்துச் செங்கற் சூளை ஒன்றிலிருந்து 300-க்கும் மேற்பட்ட கொத்தடிமைத் தொழிலாளர் குழந்தைகளோடு மீட்கப்பட்டனர்.

இங்கேதான் சிக்கல் முழு உருவம் கொள்கிறது. ஒடிசாவின் ஓர் ஊரில் காணோம் என்று எழுதப்பட வேண்டிய குழந்தை இங்கே கண்ணெதிரே மண் சுமந்துகொண்டிருக்கும். இழந்த ஏடு ஒரு மொழியில், கண்டெடுக்கும் ஏடு வேறு மொழியில். அக்குழந்தை தன் ஊர்ப்பெயரைச் சொன்னாலும் நம் காவலரின் காதில் அது எவ்வாறு விழும், எவ்வாறு எழுதப்படும்? மொழிபெயர்ப்பாளரை அழைப்பது சட்டத்தின் தேவை என்று குறிப்புகளில் ஒரு வரி இருந்தது. அதைத் தடித்த எழுத்தில் இடச் சொன்னேன்.

திரும்பும்போது பழவேற்காடு வழியாக வந்தேன். 2018 மே மாதம், வடநாட்டுப் பிள்ளைபிடிப்போர் வந்திருப்பதாகக் கைப்பேசிகளில் வதந்தி பரவிய நாட்களில், அங்கே அலைந்துகொண்டிருந்த ஒரு மனிதரைக் கூட்டம் அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டது. மனநலம் குன்றியவர் என்றார்கள். அடிமைக் கப்பல்கள் புறப்பட்ட அதே ஊர். நானூறு ஆண்டுப் பழைய பயம் ஆள்மாறிப் பாய்ந்தது. கொல்லப்பட்டவர் எங்கோ ஒரு வீட்டிலிருந்து காணாமற் போனவராக இருந்திருக்கலாம். அவர் தெருவில் திரிந்த நாட்களில் ஒருவராவது நிலையத்தில் சொல்லியிருந்தால்?

2017-இல் இயற்றப்பட்டு 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவில் அதிகம் பேசப்படாத ஒரு விதி உண்டு. மனநோயுள்ள ஒருவர் வீடின்றித் திரியக் கண்டால், காணாமற் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து அவர் குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது நிலைய அதிகாரியின் கடமை. யாரும் முறையிடாத போதும். தேடுவோர் வரும்வரை காத்திராமல், கண்டவரே தேடத் தொடங்க வேண்டும் என்கிறது சட்டம். இதைப் படித்தபோது நான் சிறிது நேரம் வேறெதுவும் படிக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஓர் ஊரின் பேருந்து நிலையத்தில் என் சித்தப்பாவை யாரோ பார்த்திருப்பார்கள்.

மாணவியின் தாள்களைத் திருத்திக் கொடுத்தேன். மாதிரி வாக்குமூலத்தில் "என் மகள் காணாமல் போய்விட்டாள்" என்று இருந்ததை அடித்து, "என் மகளைக் காணோம்" என்று எழுதியிருந்தேன். அவர் பார்த்துவிட்டு, "இது பேச்சு வழக்கு ஆச்சுங்களே ஐயா, அறிக்கையில போடலாமா?" என்றார்.

"சுத்தமான இலக்கணம்தானம்மா, போடலாம்" என்றேன்.